வல்வில் ஓரியும் விரியும் முனையும்: ஒரு சின்னக் கணக்கு

டெக்சாஸில் இருக்கும் அக்கா பையன் போன மாசம் போனில் கேட்டான்: "மாமா, இந்த சீசனுக்கு மான் வேட்டை லைசென்ஸ் எடுத்திருக்கேன். அம்புக்கு ஃபிக்ஸட் முனை வாங்கட்டுமா, மெக்கானிக்கல் வாங்கட்டுமா?"

நான் போத்தனூரில் உட்கார்ந்து கோடு எழுதுகிறவன். வில்லைத் தொட்டதுகூட இல்லை. இங்கே 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். அங்கே அனுமதி உண்டு. "ஒரு வாரம் டைம் குடு மாப்ளே" என்றேன். அந்த ஒரு வாரக் குறிப்புதான் இது.

முதலில் வித்தியாசம். ஃபிக்ஸட் என்பது நிலைமுனை. அலகுகள் எப்போதும் வெளியே நிற்கும். வெட்டும் அகலம் சுமார் 28 மி.மீ. மெக்கானிக்கல் என்பது விரிமுனை. பறக்கும்போது அலகுகள் மடங்கியிருக்கும், உடம்பில் பட்டதும் விரியும்; அகலம் 50 மி.மீ. வரை போகும். இதை மட்டும் பார்த்தால் விரிமுனைதான் மேல் என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

அப்புறம் ஒரு கணக்குப் போட்டேன். இன்றைய காம்பவுண்ட் வில்லில் 27 கிராம் அம்பு வினாடிக்கு 82 மீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் இயக்க ஆற்றல் சுமார் 91 ஜூல். 160 கிராம் கிரிக்கெட் பந்தை மணிக்கு 130 கி.மீ. வேகத்தில் வீசினால் சுமார் 104 ஜூல். அதாவது, அம்பில் இருப்பது ஒரு பவுலர் வீசும் பந்தைவிடக் குறைவான ஆற்றல்! அப்படின்னா மானைக் கொல்வது அடியின் வேகம் இல்லை, அறுப்புதான். துப்பாக்கிக் குண்டு மாதிரி அம்பு அதிர்ச்சி கொடுப்பதில்லை. இரண்டு நுரையீரலும் அறுபட்டால் மான் பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் சாய்ந்துவிடும். பாதியில் அம்பு நின்றுவிட்டால், காயத்தோடு ஓடி எங்கேயோ மணிக்கணக்கில் கிடந்து சாகும்.

ஆக, கையில் இருக்கும் 91 ஜூலை எதற்குச் செலவழிக்கிறோம் என்பதுதான் கேள்வி. விரிமுனையில் அலகைத் திறக்கவே கொஞ்சம் போய்விடும். அகலமாக வெட்ட இன்னும் அதிகம் வேண்டும். மீதிதான் ஆழத்துக்கு. சாய்வாகப் பட்டால் ஒரு அலகு முதலில் திறந்து அம்பு திசை மாறவும் வாய்ப்பு உண்டு. நம்ம பாஷையில் சொன்னால், அசையும் பாகம் ஒவ்வொன்றும் இன்னொரு ஃபெயிலியர் பாயிண்ட்.

இங்கே புறநானூறு 152 ஞாபகம் வந்தது. கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரியை வன்பரணர் பாடியது. ஓரி விட்ட ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி எல்லாவற்றையும் துளைத்துக்கொண்டு கடைசியில் புற்றிலிருந்த உடும்பில் போய்த் தைக்கிறது. புலவர் மிகைப்படுத்துகிறார், சரி. ஆனால் எதைப் பெருமையாகச் சொல்கிறார் பாருங்கள்: காயத்தின் அகலத்தை இல்லை, ஊடுருவலை. நம்ம நொய்யல் கரையில், கொடுமணல் அகழாய்வில் கிடைத்த இரும்பு அம்புமுனைகளும் அசையும் பாகம் இல்லாதவைதான்.

அப்படியானால் விரிமுனை எதற்கு வந்தது? 1969-இல் அமெரிக்காவில் ஆலன் என்பவர் கப்பி வைத்த காம்பவுண்ட் வில்லுக்குக் காப்புரிமை பெற்றார். அம்பின் வேகம் கூடியது. வேகம் கூடினால் முன்னால் நிற்கும் அலகுகள் சிறகு மாதிரி காற்றைப் பிடித்து அம்பைத் திருப்பும். வில்லைச் சரியாக ட்யூன் செய்யாவிட்டால் குறி தப்பும். அதற்கு மாற்றுதான் அலகை மடக்கி வைப்பது. பழைய கட்டைவில்லில் இந்தத் தொல்லை குறைவு. 40 கிராம் அம்பு 50 மீட்டர் வேகத்தில் போனால் ஆற்றல் 50 ஜூல்தான். ஆனால் உந்தம் 2.0. காம்பவுண்டுக்கு 2.2. ஆற்றல் கிட்டத்தட்ட பாதி, உந்தம் ஏறக்குறைய சமம்! கனமான அம்பு ஏன் ஆழமாகப் போகிறது என்பதற்கு இதுவே விடை.

பையனுக்கு இப்படிச் சொன்னேன்: வில் நல்ல பலமானது, மான் பக்கவாட்டில் நிற்கிறது, தூரம் 20 மீட்டருக்குள் என்றால் விரிமுனையும் வேலை செய்யும். இதில் ஒன்று குறைந்தாலும் நிலைமுனைதான். அதைப் போட்டுக்கொண்டு வில்லை ட்யூன் பண்ணு. அதே முனையால் நூறு முறை எய்து பழகு. சந்தேகம் வந்தால் அம்பை விடாதே.

"அப்ப விடாம வந்தா சீசன் வேஸ்ட் ஆயிருமே மாமா?" என்றான்.

"ஆகட்டும் மாப்ளே. உனக்கு அடுத்த வருஷமும் சீசன் வரும்" என்றேன்.