மொபெட் எஞ்சினைக் கழற்றிக் கரி நீக்குதல்

மரக்கறிக் கூடையுடன் ஏற்றம் ஏறும்போது பழைய மொபெட் திணறுமாயின், எஞ்சின் தேய்ந்துவிட்டதெனக் கமக்காரர் உடனே முடிவு செய்தல் ஆகாது. ஈரடிப்பு எஞ்சினிற் பெற்றோலுடன் எண்ணெயும் கலந்து எரிவதால், புகை வெளியேறும் துவாரத்திற் கரி படிந்து அதனை ஒடுக்கிவிடும். குறித்த அளவுக்கு மேல் எண்ணெய் ஊற்றுவோரின் எஞ்சினில் இது விரைவில் நேரும்.

எஞ்சின் நன்கு ஆறிய பின்னர் பிளக் கம்பியைக் கழற்றுக. தலைமூடியின் நட்டுகளை எதிரெதிராகச் சிறிது சிறிதாகத் தளர்த்துதல் வேண்டும். இன்றேல் மூடி வளையக்கூடும். சிலிண்டரை நேராக இழுத்தெடுக்க, திருப்புதல் கூடாது. திருப்பினால் பிஸ்டன் வளையத்தின் முனை துவாரத்திற் சிக்கி ஒடியும். சந்தைக்கு முதல்நாள் அவ்வாறு நேர்ந்தால் படும் பாட்டைச் சொல்லவேண்டியதில்லை. பிஸ்டன் முற்றாக வெளிவருமுன், எஞ்சின் கூட்டின் வாயைச் சுத்தமான துணியால் அடைத்துவிடுக. ஒடிந்த வளையத்துண்டு உள்ளே விழுமாயின் கூட்டையே பிரிக்க நேரிடும்.

கரியைச் சுரண்ட மரத்துண்டே ஏற்றது. உருக்குக் கத்தி அலுமினியத்தைக் கீறும். பெற்றோலாற் கழுவுவோர் அடுப்பு, விளக்கு, சுருட்டு யாவற்றையும் தூர விலக்குக.

மீளப் பூட்டும்போது வளையத்தின் இரு முனைகளும் பிஸ்டன் தவாளிப்பிலுள்ள சிறு ஆணியின் இருபுறமும் பொருந்துதல் அவசியம். எண்ணெய் பூசி, விரலால் வளையத்தை அமுக்கிக்கொண்டு சிலிண்டரை இறக்குக. காஸ்கெற் புதியதாயிருத்தல் நன்று.

புகைக்குழாயையும் கழற்றிப் பார்க்க மறத்தலாகாது. அது அடைபட்டிருப்பின், எஞ்சினை எவ்வளவு துப்புரவாக்கினும் திணறல் நீங்காது.