குறிப்பெடுத்தவர்களின் பள்ளிக்கூடம்

கரும்பலகைக் காலம் – 9

1957-இல் சென்னை லயோலா கல்லூரியில் கணித ஆனர்ஸ் முடித்த சி.பி. ராமானுஜம் என்ற பத்தொன்பது வயதுப் பையனுக்குக் கிடைத்தது இரண்டாம் வகுப்பு. (கும்பகோணத்து ராமானுஜன் வேறு. இவர் அவருக்கு அரை நூற்றாண்டு கழித்துச் சென்னையில் பிறந்தவர்.) மதிப்பெண்ணை மட்டும் பார்த்திருந்தால் ஆராய்ச்சி என்ற பேச்சே அங்கு எழுந்திருக்காது. ஆனால் சென்ற வாரம் நாம் சந்தித்த லயோலா ஆசிரியர் ஃபாதர் சார்ல்ஸ் ரசீன் அவருக்கு ஒரு பரிந்துரைக் கடிதம் எழுதினார். இந்தப் பையனுக்குச் சொந்தப் புத்தி உண்டு, எதையும் தோண்டிப் பார்க்கும் ஆர்வம் உண்டு, தக்க வாய்ப்புக் கொடுத்தால் நல்ல ஆராய்ச்சியாளனாக வருவான் என்பது அதன் சாரம். அந்தக் கடிதத்தின் பலத்தில் பம்பாய் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் அவரைச் சேர்த்துக்கொண்டது.

சேர்த்துக்கொண்டு என்ன செய்தது? இந்த வாரம் முழுக்க அதைத்தான் பார்க்கப் போகிறோம். ஒரு பல்கலைக்கழகத்தின் கணிதத் துறை முதுகலை முடித்த பிள்ளைகளை வைத்துக்கொண்டு என்ன செய்ய வேண்டும் என்ற கேள்விக்கு, 1950களின் பம்பாயைவிடத் தெளிவான பதில் நம் நாட்டில் கிடைத்ததில்லை என்று நினைக்கிறேன்.

நிறுவனத்தை ஹோமி பாபா 1945-இல் தொடங்கினார். கணிதப் பிரிவை வளர்த்தெடுத்தவர் கே. சந்திரசேகரன். மசூலிப்பட்டினத்தில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, பிரின்ஸ்டன் உயர் ஆய்வு நிலையத்தில் இருந்துவிட்டு 1949-இல் பம்பாய் வந்தவர். இரண்டு ஆண்டு கழித்து கே.ஜி. ராமநாதன் சேர்ந்தார். அவரும் லயோலாவில் ரசீனிடம் படித்தவர்தான். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் எமில் ஆர்ட்டினின் கீழ் முனைவர் பட்டம் பெற்றுத் திரும்பியிருந்தார். கொலாபாவின் கடலோரக் கட்டடம் அப்போது இல்லை. அது 1962-இல்தான் திறக்கப்பட்டது. அதற்கு முன், கேட்வே ஆஃப் இந்தியா அருகே பழைய யாட் கிளப் கட்டடத்தில்தான் எல்லாம் நடந்தது.

அங்கே வந்து சேர்ந்த பிள்ளைகள் எப்படிப்பட்டவர்கள் என்பது முக்கியம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆனர்ஸ் படிப்பு கேம்பிரிட்ஜ் மரபில் வந்தது. கணக்குக் கொடுத்தால் போடுவார்கள். கடினமான கணக்குக் கொடுத்தால் இன்னும் ஆவலோடு போடுவார்கள். மூன்று மணி நேரத்தில் எத்தனை போட முடியும் என்பதுதான் அந்தப் படிப்பின் அளவுகோல். ஒருவர் புதிதாகக் கட்டிய கோட்பாட்டை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை பின்தொடர்வது வேறு பயிற்சி. அதை யாரும் அவர்களுக்குக் கொடுத்ததில்லை. பாரிஸிலும் கோட்டிங்கனிலும் முப்பது ஆண்டாகக் கணிதம் போய்க்கொண்டிருந்த திசையே நம் பாடத்திட்டத்தில் தென்படவில்லை. ரசீன் போன்ற ஓரிருவர்தான் ஜன்னலைத் திறந்து காட்டினார்கள்.

இந்த இடைவெளியைக் கடக்கச் சந்திரசேகரன் கண்ட வழி எளிமையானது. உலகின் முதல் வரிசைக் கணிதர்களைப் பம்பாய்க்கு அழைத்து வாரக் கணக்கில், மாதக் கணக்கில் தொடர் உரைகள் ஆற்ற வைத்தார். ஒவ்வொரு தொடருக்கும் ஒரு மாணவரை நியமித்தார். அந்த உரைகளை முழுப் புத்தகமாக எழுதித் தர வேண்டியது அந்த மாணவரின் பொறுப்பு.

கேட்பதற்கு எழுத்தர் வேலைபோல் இருக்கிறது. இல்லை. பெரிய கணிதர் ஒருவர் கரும்பலகையில் எழுதுவது முழு நிரூபணம் அன்று. தனக்குப் பழகிப்போன படிகளைத் தாண்டிவிடுவார். ஒரு துணைத் தேற்றத்தை ‘தெரிந்ததே’ என்று விட்டுவிடுவார். அடுத்த நாள் வந்து நேற்றைய வரையறையைக் கொஞ்சம் மாற்றிக்கொள்வார். கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்கு எல்லாம் புரிவதுபோலவே இருக்கும். அன்று இரவு எழுத உட்கார்ந்தால்தான் எட்டாவது வரியிலிருந்து ஒன்பதாவது வரிக்குப் போக முடியவில்லை என்று தெரியும். அந்த ஒரு தாண்டலை நிரப்ப மூன்று பக்கம் ஆகலாம். அந்த மூன்று பக்கத்துக்காக அதுவரை கேள்விப்படாத ஒரு துறையைப் படிக்க வேண்டியிருக்கலாம். சில சமயம், அந்த இடத்தில் சொன்னது அப்படியே சரியில்லை என்றும், இன்னொரு நிபந்தனை சேர்த்தால்தான் நிற்கும் என்றும் தெரியவரும். அங்கேதான் மாணவர் கணிதராகிறார். பிறருடைய நிரூபணத்தில் எது தாங்குகிறது, எது வெறும் ஒட்டு என்று கண்டுபிடிக்கும் கண் அவருக்கு வந்துவிடுகிறது. தன் சொந்தப் பிரச்சினையில் இறங்கும்போது அவருக்குக் கைகொடுக்கப்போவதும் அதே கண்தான்.

இந்தக் குறிப்புகள் தட்டச்சாகிச் சைக்ளோஸ்டைல் செய்யப்பட்டு உலகெங்கும் போயின. வரிசையின் முதல் தொகுதி, ரீமான் ஸீட்டா சார்பு பற்றிச் சந்திரசேகரனே 1953-இல் நிகழ்த்திய உரைகள். 1955-இல் லாரன் ஷ்வார்ட்ஸின் உரைகள் வந்தன. 1950-இல் ஃபீல்ட்ஸ் பதக்கம் பெற்றவர் அவர். சிக்கலெண் பன்மடிகளைப் பற்றிப் பேசினார். அதை எழுதியவர் எம்.எஸ். நரசிம்மன், அப்போது அவருக்கு வயது இருபத்து மூன்றுகூட ஆகியிருந்தால் அதிகம். பெர்னார் மால்கிராஞ்சின் உரைகளை ராகவன் நரசிம்மன் எழுதினார். கோஸுலின் உரைகளை எஸ். ரமணன் எழுதினார். ஜெர்மனியின் மாக்ஸ் டாய்ரிங் இயற்கணிதச் சார்புகளைப் பற்றிப் பேசியதை எழுதியவர் நம் இரண்டாம் வகுப்பு ராமானுஜம். அது 1959-இல் வெளிவந்தது. ஒவ்வொன்றின் முகப்பிலும் உரையாற்றியவர் பெயருக்குக் கீழே, குறிப்பெடுத்தவர் பெயரும் அச்சானது. இருபது, இருபத்திரண்டு வயதில் ஒரு மாணவருக்கு இதைவிடப் பெரிய மரியாதையை எந்தத் துறையும் செய்திருக்காது. இதைவிடப் பெரிய பாரத்தையும் தலையில் ஏற்றியிருக்காது. உலகில் எந்த மூலையிலும் ஒருவர் அந்தப் பக்கத்தில் தவறு கண்டுபிடிக்கலாம், கண்டால் எழுதியவர் யார் என்று தெரிந்துவிடும்.

நரசிம்மன், சி.எஸ். சேஷாத்ரி இருவரின் கதை இதற்கு அடுத்த படி. நரசிம்மன் வட ஆற்காட்டுக் கிராமத்துப் பிள்ளை, சேஷாத்ரி காஞ்சிபுரத்தில் பிறந்து செங்கல்பட்டில் வளர்ந்தவர். இருவரும் 1932-இல் பிறந்தவர்கள், லயோலாவில் ஒன்றாகப் படித்து 1953-இல் ஒன்றாகப் பம்பாய் போனவர்கள். நான்கு ஆண்டு அங்கே பயின்ற பிறகு, 1957 முதல் 1960 வரை பாரிஸில் இருந்தார்கள். இந்த வரிசையைக் கவனியுங்கள்: முதலில் உள்ளூரில் அடித்தளம், பிறகு வெளியூர். கையில் ஒன்றும் இல்லாமல் போய்ப் பெரியவர்களின் நிழலில் நிற்கவில்லை. சேஷாத்ரி 1958-இலேயே, மூன்று ஆண்டுக்கு முன் ஜான்-பியேர் ஸேர் எழுப்பிய ஒரு கேள்விக்கு இரண்டு மாறிகளின் நிலையில் விடை கண்டிருந்தார். முழு விடை கிடைக்க 1976 வரை உலகம் காத்திருக்க வேண்டியிருந்தது. பாரிஸில் ஷெவாலேயின் கருத்தரங்கிலும் அவர் செய்தது பம்பாயில் பழகிய வேலையைத்தான். 1958-59 ஆண்டுக்கான அந்தக் கருத்தரங்கின் தொகுதியில் அவர் எழுதிய பகுதிகள் இருக்கின்றன.

திரும்பி வந்து இருவரும் சேர்ந்து 1965-இல் வெளியிட்டதுதான் இன்று நரசிம்மன்–சேஷாத்ரி தேற்றம் என்று உலகம் சொல்வது. அதை முழுதாக விளக்க இங்கே இடமில்லை, ஆனால் வாசலையாவது தொட்டுவிடலாம். ஒரு நீண்ட காகிதப் பட்டையின் இரு முனைகளையும் ஒட்டினால் வளையம் கிடைக்கும். ஒட்டுவதற்கு முன் ஓர் அரை முறுக்குக் கொடுத்தால் வேறு வளையம் கிடைக்கும். இரண்டிலும் நடுவில் ஓடுவது ஒரே வட்டம். வட்டத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு கோடு நிற்கிறது. ஆனால் அந்தக் கோடுகள் சுற்றி வரும் விதம் வேறு. இப்படி ஒரு வடிவத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு கோட்டையோ தளத்தையோ அதைவிடப் பெரிய வெளியையோ நிறுத்தினால் அதற்கு வெக்டர் கற்றை என்று பெயர். ரீமான் பரப்பு என்ற வடிவத்தின் மீது இத்தகைய கற்றைகளை எப்படி வகைப்படுத்துவது என்ற கேள்வியை ஆந்த்ரே வெய் 1938-இல் ஒரு கட்டுரையில் திறந்து வைத்தார். 1962-இல் டேவிட் மம்ஃபோர்ட் அவற்றில் ‘நிலையான’ கற்றைகள் என்று ஒரு வகையை இயற்கணித வழியில் பிரித்துக் காட்டினார். பம்பாய்க்காரர்கள் இருவரும் நிரூபித்தது இது: பரப்பைச் சுற்றி வரும் பாதைகளின் குலத்தை யூனிட்டரி அணிகளால், மேலும் சிறிதாகப் பிரிக்க முடியாதபடி, குறிக்கும் ஒவ்வொரு வழிக்கும் பூஜ்யப் படியுள்ள ஒரு நிலையான கற்றை ஒத்திருக்கிறது, அதேபோல் மறுதலையாகவும். ஒரு பக்கம் இயற்கணிதம், மறு பக்கம் இடவியல். இரண்டும் ஒரே பொருளைச் சொல்கின்றன. சைமன் டொனால்ட்சன் 1983-இல் இதற்கு வேறொரு நிரூபணம் தந்தார், பின்னால் அதிலிருந்து ஒரு துறையே கிளைத்தது.

வெய்யின் கட்டுரையைப் படித்தவர்கள் உலகில் பலர். அதில் விடுபட்டுக் கிடந்த இடத்தில் போய் நிற்கத் துணிந்தவர்கள் மிகச் சிலர். எழுதிப் படித்துப் பழகிய கைகளுக்கு அந்தத் துணிச்சல் கொஞ்சம் எளிதாக வந்தது என்று நான் நம்புகிறேன்.

ராமானுஜத்துக்கு வருவோம். அவர் கதை இத்தனை நேர்கோடாக ஓடவில்லை. எண் கோட்பாட்டில் ஸீகல் விட்டுச்சென்ற ஒரு கணிப்பில் நெடுநாள் போராடினார். கே.ஜி. ராமநாதன்தான் வழிகாட்டி. ஆண்டுகள் போயின, பலன் வரவில்லை. மனம் தளர்ந்து வேறு இடங்களில் ஆசிரியர் வேலைக்கு விண்ணப்பம் போடும் அளவுக்குப் போனார். பிறகு கணிப்பு பிடிபட்டது, 1963-இல் கட்டுரையாக வந்தது. ஆராய்ச்சி மாணவர்கள் எல்லோரும் அறிந்த அந்த வறண்ட ஆண்டுகளை நிறுவனம் பொறுத்துக்கொண்டது. அது சிறிய விஷயம் அல்ல. இத்தனை மாதத்தில் இத்தனை கட்டுரை என்று கேட்கும் இன்றைய விதிகளின் கீழ் அவர் ஆராய்ச்சியில் நின்றிருப்பாரா என்பதே சந்தேகம்.

ரஷ்யாவின் ஷாஃபரேவிச் பம்பாயில் ஆற்றிய உரைகளை எழுதும் பொறுப்பு அவரிடம் வந்தது. 1966-இல் வெளிவந்த அந்தத் தொகுதியைப் பார்த்த ஷாஃபரேவிச், இவர் தன் பிழைகளைத் திருத்தியது மட்டுமல்ல, பல முடிவுகளின் நிரூபணங்களை நிறைவும் செய்திருக்கிறார் என்று சந்திரசேகரனுக்கு எழுதினார். அடுத்து வந்தவர் மம்ஃபோர்ட். 1967-68 குளிர்காலத்தில் அவர் அங்கே அபீலியப் பன்மங்களைப் பற்றிப் பேசியதை ராமானுஜம் எழுதினார். 1970-இல் அது புத்தகமாக வந்தது. இன்றுவரை அந்தத் துறைக்குள் நுழையும் ஒவ்வொரு ஆராய்ச்சி மாணவரும் புரட்டும் புத்தகம் அது. டேட்டின் தேற்றம் பற்றிய பின்னிணைப்பு ராமானுஜத்தின் பெயரிலேயே இருக்கிறது. 1971-இல் யூக்ளிடியத் தளத்துக்கு இணையான சிக்கலெண் தளத்தை இடவியல் கண்ணோடு அடையாளம் காட்டினார். மறு ஆண்டு கோடைராவின் தேற்றத்தை விரித்தார்.

அவருக்கு மனநோய் இருந்தது. 1964-லிருந்தே அதோடு போராடிக்கொண்டுதான் இத்தனையும் செய்தார். 1974 அக்டோபரில், முப்பத்தாறு வயதில், பெங்களூரில் இறந்தார். கணிதம் அவரை நோயாளியாக்கியது என்று சிலர் கதை கட்டுவதுண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. நோய் தனி, திறமை தனி. அந்த நாளில் இன்றைய சிகிச்சை கிடைத்திருந்தால் என்ற ஏக்கம்தான் மிஞ்சுகிறது.

இப்போது ஒரு கசப்பான விஷயம். இவ்வளவும் நடந்த இடம் பல்கலைக்கழகம் அல்ல. டாட்டா நிறுவனத்துக்குப் பட்டம் வழங்கும் உரிமை 2002 வரை கிடையாது. சேஷாத்ரிக்கும் நரசிம்மனுக்கும் பட்டம் கொடுத்தது பம்பாய்ப் பல்கலைக்கழகம். படித்தது ஓரிடம், பட்டம் இன்னோரிடம். பம்பாய் மட்டுமல்ல, நாடு முழுக்க இதுதான் வழக்கமாயிற்று. கணிதம் உருவாகிற இடத்தில் பி.எஸ்ஸி. மாணவர்கள் இல்லை, மாணவர்கள் இருக்கிற இடத்தில் கணிதம் உருவாகவில்லை. லயோலாவில் ஒரு ரசீன் இருந்ததால் ஒரு ராமானுஜம் கண்ணில் பட்டார். ரசீன் இல்லாத கல்லூரிகளில் எத்தனை இரண்டாம் வகுப்புகள் அப்படியே வீடு திரும்பின!

இந்த வெட்டை ஒட்டவைக்கப் பார்த்தவர் சேஷாத்ரியே. 1984-இல் சென்னைக்குத் திரும்பினார். 1989-இல் ஸ்பிக் அறிவியல் அறக்கட்டளையின் கீழ் ஒரு கணிதப் பள்ளியைத் தொடங்கினார். இன்றைய சென்னைக் கணிதவியல் கழகத்தின் தொடக்கம் அதுதான். 1998-இல் அங்கே பி.எஸ்ஸி. வகுப்பு ஆரம்பித்தபோது, ஆராய்ச்சியாளர்களே முதலாண்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தார்கள். அவர் விரும்பியது நடந்தது. ஆனால் அந்தப் பிள்ளைகளின் சான்றிதழில் இருந்த பெயர் போபாலில் உள்ள மத்தியப் பிரதேச போஜ் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தினுடையது. சென்னையில் இருந்துகொண்டு, உலகம் அறிந்த ஒரு கணிதர் நடத்தும் வகுப்புக்குப் பட்டம் போபாலிலிருந்து வர வேண்டியிருந்தது. 2006-இல்தான் நிகர்நிலைப் பல்கலைக்கழக அந்தஸ்து கிடைத்தது. அதற்குள் சிறுசேரியில் வளாகமும் வந்துவிட்டது.

சென்னையிலேயே, மெரினா பக்கத்தில், ஆராய்ச்சி, கற்பித்தல் இரண்டையும் ஒன்றாக வைத்திருக்க வாய்ப்பிருந்த இன்னொரு நிறுவனம் உண்டு. அழகப்பச் செட்டியார் தன் பணத்தைப் போட்டு 1950-இல் தொடங்கிய ராமானுஜன் இன்ஸ்டிடியூட். அதன் முதல் இயக்குநர் டி. விஜயராகவன் 1955-இல் இறந்த பிறகு அதற்கு என்ன ஆனது, சென்னைப் பல்கலைக்கழகம் அதை எப்படி ஏற்றுக்கொண்டது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)