பெயர் சூட்டும் உரிமை

ரயில்வேயில் ஒவ்வொரு வண்டிக்கும் எண் உண்டு. சிலவற்றுக்குப் பெயரும் உண்டு. 12639 என்பது அலுவலகக் கணக்குக்குப் போதும். ஆயினும், 1964 முதல் சென்னைக்கும் பெங்களூருக்கும் இடையே ஓடும் அவ்வண்டியை மக்கள் பிருந்தாவன் என்றே அழைக்கின்றனர். எண் அடையாளம் காட்டும். பெயரோ நெஞ்சில் நிற்கும்.

மோட்டார் சைக்கிள் செய்வோரும் இதனை நன்கறிவர். 1985-இல் வந்த யமஹா ஆர்.எக்ஸ். 100 என்னும் வண்டியின் நூறு, எஞ்சினின் அளவு ஏறத்தாழ நூறு சி.சி. என்பதைக் குறித்தது. பெங்களூர் நிறுவனமான ஏத்தர் செய்யும் 450 என்ற ஸ்கூட்டரில் அவ்வாறு பொருள் கொள்ள இயலாது. மின்சார வண்டிக்குச் சி.சி. ஏது? அங்கே எண்ணும் பெயராகிவிட்டது.

பெயர் வெறும் அலங்காரமன்று. வண்டியின் அறிவு எவருடையது என்பதையும் அது சொல்லும். மைசூரில் 1961-இல் உருவான வண்டிக்கு ஜாவா என்று பெயர். யானெச்செக் என்ற செக் நாட்டுத் தொழிலதிபரின் பெயரையும், வாண்டரர் என்ற ஜெர்மானிய நிறுவனத்தின் பெயரையும் சேர்த்து அமைத்த சொல் அது. 1973 முதல் மைசூர்த் தொழிற்சாலை யெஸ்டி என்று தனிப்பெயர் சூட்டிக்கொண்டது. 1996-இல் அத்தொழிற்சாலை மூடப்பட்டது, பெயரோ மாளவில்லை. ஜாவா 2018-இலும் யெஸ்டி 2022-இலும் மீண்டும் விற்பனைக்கு வந்தன.

நமக்கு அண்மையிலுள்ள ஒசூரின் கதையும் இத்தகையதே. டி.வி.எஸ். நிறுவனம் ஜப்பானிய சுசுகியுடன் கூட்டுச் சேர்ந்திருந்த காலத்தில், அதன் வண்டிகள் சாமுராய், ஷோகன் என ஜப்பானிய வீரர், படைத்தலைவர் பெயர்களைத் தாங்கின. 2001-இல் அக்கூட்டு முறிந்தது. அவ்வாண்டே தன் சொந்த முயற்சியால் ஆக்கிய வண்டிக்கு அந்நிறுவனம் இட்ட பெயர் விக்டர். வெற்றியாளன் என்பது பொருள். அச்சொல்லுக்குள் எத்துணைப் பெருமிதம் அடங்கியிருக்கிறது!

திருவொற்றியூரில் 1955-இல் தொடங்கிய என்ஃபீல்டு, இங்கிலாந்தில் துப்பாக்கித் தொழிற்சாலை இருந்த ஊரின் பெயரைத் தாங்கியது. துப்பாக்கியின் தொடர்பால் 1932-இலேயே அதன் வண்டிக்குப் புல்லட், அதாவது குண்டு, என்ற பெயர் அமைந்திருந்தது. ஆங்கிலத் தாய்நிறுவனம் மறைந்தது. சென்னைக் கிளை தழைத்தது. 2016-இல் அது வெளியிட்ட வண்டிக்கு நம் இமயத்தின் பெயரால் ஹிமாலயன் என்று பெயரிட்டது.

இங்கே ஒன்று சிந்திக்கத்தக்கது. ஒசூரிலும் திருவொற்றியூரிலும் தமிழர் கைகள் உழைத்தன. ஆனால் மேற்கண்ட பெயர்களுள் தமிழ்ச் சொல் ஒன்றேனும் உண்டா? நாடெங்கும் விற்க வேண்டிய பொருளுக்கு வட்டாரப் பெயர் ஒவ்வாது என்பர் சிலர். ராணா பிரதாபரின் குதிரையான சேதக்கின் பெயரை பஜாஜ் நிறுவனம் 1972-இல் தன் ஸ்கூட்டருக்கு இட்டது. அதனை இந்தியா முழுவதும் விரும்பி வாங்கியது. 2020-இல் மின்சார ஸ்கூட்டருக்கும் அதே பெயரே வந்தது. சரக்கு நன்றாயின், மண்ணின் பெயர் தடையாகாது.

அன்பர்களே, பிழைப்பை நாடி இந்நகருக்கு வந்த நாம், நம் குழந்தைகளுக்குத் தமிழ்ப் பெயரிட்டு மகிழ்கிறோம். அக்குழந்தைகளுள் பலர் இன்று இங்கே பொறியியல் பயில்கின்றனர். பிறர் வரைந்த படத்தைப் பார்த்து வண்டி பூட்டுபவன் பெயர் சூட்ட முடியாது. தானே வரைந்து ஆக்குபவனுக்கே அவ்வுரிமை உண்டு. அந்த உரிமையை அவர்கள் தம் திறமையால் ஈட்டட்டும். அன்று நல்ல தமிழ்ப் பெயர் ஒன்று சாலையில் விரைந்தோடக் காண்போம்.