வாசலில் நித்தியகல்யாணி

ஸ்கூடாயில் எங்கள் வரிசை வீட்டு வாசல் மேற்கே பார்த்தது. பிற்பகல் வெயிலில் சிமெண்டுத் தரையில் கால் வைக்க முடியாது. ரோஜா கருகியது, துளசியும் வாடியது. நித்தியகல்யாணிதான் தாக்குப்பிடித்தது. பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்கா 'கெமுந்திங் சீனா' என்பார். "சுடுகாட்டு மல்லியைக் கொண்டுவந்து வாசலில் வைக்கிறியே" என்று அம்மாவுக்குத்தான் மனத்தாங்கல்.

முதல் வருடம் எட்டுத் தொட்டிகளில் ஆறு போயின. வடகிழக்குப் பருவமழை நேரம். இலை தொங்கியதும் தண்ணீர் போதவில்லை என்று மேலும் ஊற்றினேன். பிடுங்கிப் பார்த்தால் வேர் கறுத்து அழுகியிருந்தது. களிமண்ணை அப்படியே தொட்டியில் நிரப்பியது என் தவறு. இப்போது மண், மணல், மக்கிய உரம் மூன்றும் சம பங்கு. தொட்டிக்கு அடியில் செங்கல். மேல்மண் காய்ந்த பிறகே தண்ணீர். நுனியைக் கிள்ளிவிட்டால் கிளை பிரிந்து பூக்கும். விதை போட்டால் மண்ணால் மூடிவிடுங்கள். இருட்டில்தான் நன்றாக முளைக்கும். எனக்குச் சுலபம், நான்கு அங்குல நுனித்தண்டை வெட்டி நடுவதுதான்.

செடி தழைத்த பிறகு இலைகள் குறையத் தொடங்கின. புழு என்று நினைத்தேன். ஒரு நாள் காலை அடுப்படியில் அம்மா அந்த இலையைக் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தார். இனிப்புநீருக்கு நல்லது என்று யாரோ சொன்னார்களாம். ஒரு வாரமாகக் குடிக்கிறாராம், மாத்திரையையும் பாதியாகக் குறைத்துவிட்டாராம். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

இதே நம்பிக்கை ஜமைக்காவிலும் இருந்தது. 1952இல் அங்கிருந்து கனடா மருத்துவர் கிளார்க் நோபலுக்கு இந்த இலைகள் வந்தன. அவருடைய சகோதரர் ராபர்ட் நோபல் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். சர்க்கரை இறங்கவில்லை, ரத்தத்தின் வெள்ளை அணுக்கள்தான் சரிந்தன. அந்த வழியில் போய் அவரும் சார்லஸ் பீரும் பிரித்தெடுத்ததுதான் வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து. 1958இல் அதை அறிவித்தார்கள். இதே செடியில் கிடைத்த வின்கிரிஸ்டின் இன்றும் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு நரம்பு வழியாக ஏற்றப்படுகிறது, மிகச் சிறிய அளவில், மருத்துவர் கண்காணிப்பில். நம் வீட்டுப் பானையில் அந்த அளவை யார் பார்ப்பது?

அன்றே அம்மாவைக் கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். ரத்தப் பரிசோதனையில் பயப்பட ஒன்றுமில்லை. மாத்திரை மறுபடி முழுசாகிவிட்டது. இப்போது தினமும் காலையில் சாமி படத்துக்குப் பத்துப் பூ பறிக்கிறார். இலைகளை நான் இன்னும் எண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன்.