வடக்கைக் காட்டும் இலைகள்

அமெரிக்காவின் நடுப்பகுதியில் உள்ள அயோவா, இல்லினாய்ஸ் மாநிலங்களில் ஒரு காலத்தில் கண்ணுக்கு எட்டும் தூரம் வரை புல்தான். அடையாளம் வைத்துக்கொள்ள மலை கிடையாது, மரமும் அரிது. அந்தப் புல்வெளியில் திசை சொல்லும் ஒரு மஞ்சள் பூச்செடி உண்டு. திசைகாட்டிச் செடி என்றே அதை அழைக்கிறார்கள்.

நம் சூரியகாந்திக்கு அது உறவு. மூன்று மீட்டர் உயரம்கூட வளரும். அடியில் உள்ள பெரிய இலைகள் படுத்திருக்காமல் செங்குத்தாக நிற்கும். பெரும்பாலான இலைகளின் விளிம்புகள் வடக்கையும் தெற்கையும் பார்க்கும். அகலமான பக்கங்கள் கிழக்கையும் மேற்கையும் பார்க்கும்.

இதனால் செடிக்கு என்ன லாபம்? நீங்களே சோதித்துப் பாருங்கள். ஒரு அட்டையை அந்த இலை மாதிரியே வெயிலில் நிறுத்துங்கள். காலை எட்டு மணிக்கு அதன் நிழல் அகலமாக விழும். உச்சி வெயிலில் மெல்லிய கோடாகச் சுருங்கிவிடும். நிழல் அகலமாக இருந்தால் அட்டை நிறைய வெயிலைப் பிடிக்கிறது என்று பொருள். இலையும் அப்படித்தான். இதமான காலை வெயிலை முழுசாக வாங்கி உணவு தயாரிக்கிறது. சுட்டெரிக்கும் மதிய வெயிலுக்கு விளிம்பை மட்டும் காட்டுகிறது. சூடு குறைகிறது, தண்ணீரும் மிச்சமாகிறது.

இந்த இலை சூரியனோடு தினமும் சுற்றுவதில்லை. இளசாக வளரும்போதே, காலை வெயில் வரும் பக்கத்தை அறிந்து மெல்லத் திருகிக்கொள்கிறது. முற்றிய பிறகு அதே நிலைதான்.

பூவிலும் ஒரு விந்தை இருக்கிறது. ஒரு பூ போலத் தெரிவது உண்மையில் பல சின்னப் பூக்களின் கூட்டம். சூரியகாந்தியில் நடுவில் உள்ள பூக்கள்தான் விதை தரும். இங்கே தலைகீழ்! சுற்றியுள்ள மஞ்சள் இதழ்ப்பூக்களே விதை தருகின்றன. நடுப்பூக்கள் மகரந்தத்தோடு நின்றுவிடுகின்றன.

எனக்கு மிகவும் பிடித்தது அதன் வேர். நான்கு மீட்டருக்கும் கீழே இறங்கும். புல்வெளி தீப்பிடித்து எரிந்தாலும் வேரிலிருந்து மறுபடி துளிர்க்கும். ஆல்டோ லியோபோல்ட் என்ற இயற்கையியலாளர் ஒரு செடியைத் தோண்டி எடுத்துப்போக முயன்று, வேரின் முடிவைக் காணாமலே விட்டுவிட்டார்.

தீயைத் தாங்கிய செடி, ஏரை மட்டும் தாங்கவில்லை. புல்வெளிகள் மக்காச்சோள வயல்களாயின. இல்லினாய்ஸில் பழைய புல்வெளியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட மிஞ்சவில்லை. உழவு படாத பழைய கல்லறைத் தோட்டங்களிலும் ரயில் பாதை ஓரங்களிலும் இச்செடி பிழைத்துக் கிடக்கிறது. இப்போது விதை சேகரித்து மீண்டும் விதைக்கிறார்கள். முதல் பூவைப் பார்க்கச் சில ஆண்டுகள் பொறுக்க வேண்டும். அதுவரை செடி வேரைத்தான் வளர்த்துக்கொண்டிருக்கும்.