6 கேஜி அழுத்தம் தாங்கும் பைப், ஒரே தட்டில் உடைவது ஏன்?

சென்னை - திருச்சி நெடுஞ்சாலையில், பெரம்பலூருக்கு வடக்கே இருக்கிறது வாலிகண்டபுரம். வாலீஸ்வரர் கோயிலைத் தாண்டிப் போனால் மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம் என்று மானாவாரியும் கிணற்றுப் பாசனமும் கலந்த பூமி. இந்தப் பக்கத்து வயல்களில் கிணற்று மேட்டிலிருந்து கடைசிப் பாத்தி வரை பிவிசி பைப் தரைக்கு மேலேயே கிடப்பது சாதாரணக் காட்சி. போட்ட புதிதில் ஒரு தொந்தரவும் இருக்காது. சில கோடைகள் போனபிறகு, மண்வெட்டியின் பின்பக்கம் லேசாகப் பட்டாலே படக்கென்று சில்லுச் சில்லாகத் தெறிக்கும். பிறகென்ன, உடைந்ததை வெட்டி எடுத்து, கப்ளிங் போட்டு, சொல்யூஷன் தடவி ஒட்ட வேண்டியதுதான்.

“6 கேஜி பைப்னு சொல்லித்தானே குடுத்தாங்க?” என்ற கேள்வி அப்போது வரும். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த 6 கேஜி சொல்வது வேறு விஷயம். பைப்புக்குள் ஓடும் தண்ணீர் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 6 கிலோ வரை அழுத்தினாலும் தாங்கும் என்பதுதான் அதன் பொருள். அது நிதானமாக, சீராக வரும் அழுத்தம். திடீரென விழும் அடியைப் பற்றி அந்த எண் எதுவும் சொல்வதில்லை.

கண்ணாடி வளையலை நினைத்துப் பாருங்கள். விரலால் அழுத்தினால் நெளியாது, கீழே விழுந்தால் மிஞ்சாது. ரப்பர் செருப்பு நேர்மாறு. பிளாஸ்டிக்கில் இந்த இரண்டு குணமும் உண்டு. எது எவ்வளவு என்பது வகைக்கு வகை, வருடத்துக்கு வருடம் மாறும். அதை அளக்கத்தான் ஊசல் சுத்தியல் சோதனை இருக்கிறது.

கருவி பார்க்க எளிமையானது. கனமான அடித்தளம், அதிலிருந்து எழும் தூண், தூணின் உச்சியில் ஊஞ்சல் போல ஆடும் ஒரு சுத்தியல். சுத்தியலைக் குறிப்பிட்ட உயரத்துக்குத் தூக்கி மாட்டுவார்கள். கீழே, சுத்தியல் மிக வேகமாக வரும் இடத்தில், சோதிக்க வேண்டிய துண்டு இருக்கும். கொக்கியை விடுவித்ததும் சுத்தியல் இறங்கி, துண்டை உடைத்துக்கொண்டு மறுபக்கம் ஏறும். ஆனால் கிளம்பிய உயரத்துக்கு ஏறாது. எவ்வளவு உயரம் குறைந்ததோ, அவ்வளவு ஆற்றலைத் துண்டு வாங்கிக்கொண்டது என்று கணக்கு. காற்றிலும் அச்சிலும் வீணாகும் ஆற்றலைக் கழிக்க, துண்டே இல்லாமல் முதலில் ஒருமுறை வெறும் வீச்சு விட்டுப் பார்ப்பார்கள்.

துண்டை வைக்கும் விதத்தில் இரண்டு முறைகள் உண்டு. இரு முனையிலும் தாங்கிப் படுக்க வைத்து நடுவில் அடித்தால் அது சார்பி. ஒரு முனையை வைஸில் கவ்வி, துண்டை நிமிர்த்தி நிற்க வைத்து மேல்பாதியில் அடித்தால் ஐசாட். பிரான்ஸின் ஜார்ஜ் சார்பியும் இங்கிலாந்தின் எட்வின் கில்பர்ட் ஐசாடும் 1900களின் தொடக்கத்தில் இவற்றை உலோகத்துக்காகத்தான் உருவாக்கினார்கள். பிளாஸ்டிக் பிறகு வந்து சேர்ந்துகொண்டது. உலோகச் சோதனைக் கருவியோடு ஒப்பிட்டால் பிளாஸ்டிக்குக்கான சுத்தியல் பொம்மை மாதிரி. ஐசாடில் அதிகம் பயன்படும் 5.5 ஜூல் சுத்தியலின் அடி, ஒரு கிலோ எடைக்கல்லை 56 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து போடுவதற்குச் சமம். அடிக்கும் வேகம் நொடிக்கு 3.5 மீட்டர். சைக்கிளில் நிதானமாகப் போகும் வேகம்தான்.

ஊசலும் ஒரு கோட்டைச் சண்டையும்

ஊசல் ஏறும் உயரத்தை வைத்து அடியை அளக்கும் யோசனை இவர்கள் இருவருக்கும் மிக முந்தையது. 1742-ல் பெஞ்சமின் ராபின்ஸ் என்ற ஆங்கிலேயர், தொங்கும் மரக்கட்டையில் துப்பாக்கிக் குண்டைச் சுட்டு, கட்டை எவ்வளவு தூரம் ஆடுகிறது என்பதிலிருந்து குண்டின் வேகத்தைக் கணக்கிட்டுக் காட்டினார். அங்கே ஊசல் அடி வாங்கியது. சோதனைக்கூடத்தில் ஊசல் அடி கொடுக்கிறது. கணக்கு ஒன்றுதான்.

அந்த ராபின்ஸ் பின்னாளில் கிழக்கிந்திய கம்பெனியின் கோட்டைப் பொறியாளராக இங்கேதான் வந்தார். கடலூர் செயின்ட் டேவிட் கோட்டையில் 1751-ல் இறந்தார். அதே 1751-ல்தான் வாலிகண்டபுரத்துக்குச் சற்று வடக்கே இருக்கும் ரஞ்சன்குடி கோட்டைப் பகுதியில், முகமது அலியின் பக்கம் ஆங்கிலேயரும் சந்தா சாகிப்பின் பக்கம் பிரெஞ்சுக்காரரும் நின்று மோதினார்கள். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லாமல் விட மனமில்லாத தற்செயல்.

அந்தச் சின்ன வெட்டு

சோதனையின் உயிர்நாடி சுத்தியல் அல்ல, துண்டில் போடும் வெட்டு. 80 மில்லிமீட்டர் நீளம், 10 அகலம், 4 தடிமன் உள்ள துண்டில், 2 மில்லிமீட்டர் ஆழத்துக்கு வி வடிவத்தில் ஒரு வெட்டு போடுவார்கள். அதன் அடிமுனையின் வளைவு 0.25 மில்லிமீட்டர். ஷாம்பு பாக்கெட்டின் ஓரத்தில் இருக்கும் சின்ன வெட்டு என்ன செய்கிறதோ அதையேதான் இதுவும் செய்கிறது. வெட்டு இல்லாத பாக்கெட்டைப் பல்லால் கடித்தாலும் கிழியாது. வெட்டு இருந்தால் இரண்டு விரல் போதும். விசை முழுவதும் அந்த ஒரு முனையில் குவிந்துவிடுகிறது. வெட்டும் பிளேடு மழுங்கியிருந்தாலே முடிவு மாறிவிடும் என்பதால், பரிசோதகர்கள் அதிகம் கவலைப்படுவது இந்த வெட்டைப் பற்றித்தான்.

வயலில் கிடக்கும் பைப்புக்கு வெட்டு போட்டது யார்? வெயில்தான்.

சூரிய ஒளியின் புற ஊதாக் கதிர் பிவிசியின் மூலக்கூறுச் சங்கிலியைத் தாக்குகிறது. ஹைட்ரஜனும் குளோரினும் சேர்ந்து கழன்று போகின்றன, நிறம் மங்குகிறது. இது பைப்பின் முழுத் தடிமனுக்கும் போவதில்லை. மேற்பரப்பில் மெல்லிய அடுக்கோடு நின்றுவிடும். அதனால் தண்ணீர் அழுத்தம் தாங்குவதில் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனால் அந்த மேலடுக்கு மொறுமொறுப்பாகிவிடுகிறது. அடி விழுந்ததும் முதல் விரிசல் அங்கே பிறக்கிறது. பிறந்த விரிசல் உள்ளே இருக்கும் நல்ல பிளாஸ்டிக்குக்கு ஷாம்பு பாக்கெட் வெட்டாக மாறிவிடுகிறது. இழுத்துப் பார்க்கும் சோதனையில் பாஸ் ஆகிற பழைய பைப், ஊசலிடம் மாட்டிக்கொள்வது இதனால்தான்.

இதைத் தள்ளிப்போட டைட்டானியம் டை ஆக்சைடு, கார்பன் கருப்பு போன்றவற்றைக் கலவையில் சேர்க்கிறார்கள். விலையைக் குறைக்க இவற்றில் கை வைத்து, சுண்ணாம்புத் தூளை அளவுக்கு மேல் கொட்டினால், கடையில் இருக்கும்போது பைப் அழகாகத்தான் தெரியும்.

டேட்டா ஷீட் பார்ப்பவர்கள் கவனத்துக்கு

வேலை நிமித்தமாகப் பிளாஸ்டிக் தேர்வு செய்பவர்கள் வழுக்கி விழும் இடம் அலகு. ஒரு துண்டு 0.4 ஜூல் வாங்கிக்கொண்டு உடைந்தது என்று வையுங்கள். ஐஎஸ்ஓ முறையில் வெட்டுக்குக் கீழே மிஞ்சிய பரப்பால் (8க்கு 4 மில்லிமீட்டர்) வகுத்தால் சதுர மீட்டருக்கு 12.5 கிலோஜூல். அமெரிக்க ஏஎஸ்டிஎம் வழக்கப்படி தடிமனால் மட்டும் வகுத்தால் மீட்டருக்கு 100 ஜூல். ஒரே அடி, இரண்டு எண்! போதாததற்கு இரண்டு முறைகளிலும் துண்டின் அளவும் வேறு. எனவே ஒரு நிறுவனத்தின் 12.5-ஐயும் இன்னொன்றின் 100-ஐயும் பக்கத்தில் வைத்துப் பேரம் பேசக் கூடாது.

ஒரே முறைக்குள் ஒப்பிட்டால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். ஏஎஸ்டிஎம் ஐசாடில் சாதா பாலிஸ்டைரீன் மீட்டருக்கு 20 ஜூலைச் சுற்றியே நிற்கும். பாலிகார்பனேட் 600-ஐத் தாண்டும். வெப்பமும் முக்கியம். சோதனை நடப்பது ஏசி அறையில், 23 டிகிரியில். ஃப்ரீஸரில் வைத்த பாலிப்ரொப்பிலீன் டப்பாவின் மூடி கை தவறி விழுந்து தெறித்த அனுபவம் உள்ளவர்களுக்கு, அந்த 23 டிகிரி எண் ஃப்ரீஸருக்குப் பொருந்தாது என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கலப்புப் பொருள்களில் இன்னொரு சிக்கல். நம் கடற்கரைகளில் ஓடும் ஃபைபர் படகு, கண்ணாடி இழையையும் பிசினையும் சேர்த்துச் செய்தது. இழை ஓடும் திசையில் ஓர் எண், குறுக்கே வேறு எண் வரும். அடி வாங்கிய பிறகு வெளியே ஒன்றும் தெரியாமல் உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கவும் கூடும். அதனால் இவற்றுக்கு ஊசலோடு எடை விழும் சோதனையும் செய்வார்கள்.

பைப்புக்கும் அப்படித்தான். ஊசல் பொருளைச் சோதிக்கிறது. முழுப் பைப்பைச் சோதிக்க, குடிநீர் பிவிசி பைப்புக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 4985, பூஜ்ய டிகிரியில் குளிர வைத்த பைப் மீது எடையை விழவைக்கச் சொல்கிறது. பெரம்பலூரில் எந்த மார்கழியில் பூஜ்யம் வந்தது என்று கேட்கலாம். குளிரில் பிளாஸ்டிக் எளிதில் உடையும். அந்த மோசமான நிலையிலேயே தாங்குகிறதா என்று பார்ப்பதுதான் நோக்கம்.

தமிழ்நாட்டில் இத்தகைய சோதனைகளுக்குப் பழைய முகவரி சென்னை கிண்டியில் உள்ள சிபெட். 1968-ல் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு மத்திய அரசு தொடங்கியது.

விவசாயிக்கு இதில் கையோடு செய்ய முடிந்தவை சில உண்டு. ஐஎஸ்ஐ முத்திரையும் அதன் கீழே 4985 என்ற எண்ணும் இருக்கிறதா என்று பார்க்கலாம். கடை வாசலில் வெயிலில் அடுக்கிக் கிடந்த பைப்பை விட்டு, கூரைக்கு உள்ளே இருப்பதை எடுக்கச் சொல்லலாம். புதைக்க முடிந்த தூரம் வரை புதைத்துவிடலாம். மேலே விட்டுத்தான் ஆக வேண்டும் என்றால் வெளிர் நிறப் பெயின்ட் ஒரு கோட் அடித்தாலே கதிர் மேற்பரப்பைத் தொடாது. தண்ணீர் சார்ந்த பெயின்ட்டாக இருக்கட்டும். தின்னர் கலந்த சில பெயின்ட்டுகள் பிவிசியையே இளக்கிவிடும்.