தொண்ணூற்றொன்பது ஆண்டு வீடு

சிங்கப்பூரில் வெளிநாட்டவர் கூட்டுரிமை அடுக்குமாடி வீடு எங்கே வேண்டுமானாலும் வாங்கலாம். தரையோடு சேர்ந்த தனி பங்களா என்றால் அப்படி முடியாது. குடியுரிமையோ நிரந்தரவாசத் தகுதியோ இல்லாதவருக்கு நடைமுறையில் ஒரே ஒரு வாசல்தான் திறந்திருக்கிறது: செந்தோசா தீவின் கிழக்கு முனையில் இருக்கும் செந்தோசா கோவ். அங்கும் சிங்கப்பூர் நில ஆணையத்தின் அனுமதி வேண்டும். ஒருவருக்கு ஒரு வீடுதான். அதில் அவரும் குடும்பமும் குடியிருக்க வேண்டும். வாடகைக்கு விடக் கூடாது.

சுமார் 117 ஹெக்டர் பரப்பு. அதில் பெரும் பகுதி கடலைத் தூர்த்து எடுத்தது. வாய்க்கால்களை வெட்டி, கடல்நீரை உள்ளே விட்டு, நடுவே சின்னச் சின்னத் தீவுகளை விட்டு வைத்திருக்கிறார்கள். ட்ரெஷர், கோரல், பாரடைஸ், சாண்டி, பேர்ல் என்று அவற்றுக்குப் பெயர். பல பங்களாக்களின் பின்கட்டில், நம் வீட்டுத் துணி துவைக்கும் கல் இருக்கும் இடத்தில், சொந்தப் படகுத்துறை இருக்கிறது. பங்களாக்களும் அடுக்குமாடிகளும் சேர்த்து ஏறக்குறைய 2,000 வீடுகள். பக்கத்திலேயே கோல்ஃப் மைதானம், சொகுசுப் படகுகள் நிற்கும் மரினா. தீவில் மயில்கள் கட்டில்லாமல் திரிகின்றன.

இத்தனை பளபளப்பும் இந்த நூற்றாண்டில் வந்தது. தீவின் பழைய பெயர் புலாவ் பிளாக்காங் மத்தி. துறைமுகத்தைக் காக்க ஆங்கிலேயர் இங்கே கோட்டைகள் கட்டி பீரங்கிகளை நிறுத்தினார்கள். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுந்தபின், அவர்கள் சுட்டுக் கொன்ற சீனர்களின் உடல்கள் இந்தக் கரையில் ஒதுங்கின. கைதிகளாக இருந்த ஆங்கிலேயப் பீரங்கிப் படையினர் அவற்றைப் புதைத்தார்கள். தீவில் ஊர்களும் இருந்தன. அங்கே வாழ்ந்தவர்கள் பின்னாளில் சிங்கப்பூரின் முதன்மைத் தீவுக்குக் குடிபெயர்க்கப்பட்டார்கள். 1972இல் செந்தோசா மேம்பாட்டுக் கழகம் வந்தது, தீவு சுற்றுலாத் தலமானது. கோவ் பகுதி மனைகள் விற்பனைக்கு வந்தது 2000க்குப் பிறகுதான். வீடு பார்க்கப் போகிறவர்கள் இந்தக் கதையையும் கொஞ்சம் தெரிந்துகொண்டு போக வேண்டும் என்பது என் ஆசை. மனைப் படத்தில் இதெல்லாம் இருக்காது.

இனி பணம். ஒரு கோடி சிங்கப்பூர் வெள்ளி (டாலர்) விலையுள்ள வீட்டை ஒரு வெளிநாட்டவர் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். யார் வாங்கினாலும் கட்ட வேண்டிய முத்திரைத் தீர்வை படிப்படியாக ஏறி, 30 லட்சத்துக்கு மேற்பட்ட தொகைக்கு 6 சதவீதமாகிறது. மொத்தம் 5,39,600 வெள்ளி. இதற்கு மேல்தான் வெளிநாட்டவருக்கான கூடுதல் தீர்வை. 2011 டிசம்பரில் 10 சதவீதமாகத் தொடங்கியது. 2013இல் 15, 2018இல் 20, 2021இல் 30 என்று ஏறி, 2023 ஏப்ரல் 27 முதல் 60 ஆகிவிட்டது. நம் கணக்கில் அது 60 லட்சம் வெள்ளி. ஆக, ஒரு கோடி வெள்ளி வீட்டின் அடக்கம் 1 கோடியே 65 லட்சத்து 39 ஆயிரத்து 600. தீர்வைப் பணத்துக்கு வங்கிக் கடன் கிடைக்காது. உள்நாட்டில் ஒப்பந்தம் கையெழுத்தான 14 நாளுக்குள் கட்டியாக வேண்டும். அமெரிக்கா, சுவிட்சர்லாந்து, நார்வே, ஐஸ்லாந்து, லிச்சென்ஸ்டைன் நாட்டுக் குடிமக்களுக்கு வணிக ஒப்பந்தங்களின்படி சிங்கப்பூரருக்கு உள்ள அதே விகிதம். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவருக்கு அந்தச் சலுகை இல்லை. நிரந்தரவாசியாகிவிட்டால் முதல் வீட்டுக்கு 5 சதவீதம். சென்னையிலிருந்தோ கோவையிலிருந்தோ இங்கே வீடு வாங்க நினைப்பவர் தரகரைப் பார்க்கும் முன் போட வேண்டிய கணக்கு இது.

பணம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியும் கூடவே வரும். 2023 ஆகஸ்டில் போலீசார் ஒரே நாளில் பல இடங்களில் புகுந்து பத்து வெளிநாட்டவரைக் கைது செய்தார்கள். அந்தப் பணச்சலவை வழக்கில் 300 கோடி வெள்ளிக்கு மேற்பட்ட சொத்துகள் முடக்கப்பட்டன. சோதனை நடந்த இடங்களில் செந்தோசாவும் ஒன்று. நேர்மையாகச் சம்பாதித்தவரும் ஒவ்வொரு ரூபாய்க்கும் தாள் காட்டத் தயாராக இருக்க வேண்டும்.

இவ்வளவும் கொடுத்து வாங்குவது எதை? நம்மவர்களை இதில்தான் நான் நிறுத்திவைத்துப் பேச விரும்புகிறேன். நமக்கு வீடு என்றால் பட்டா. பேரன் பேத்தி வரை போகிற சொத்து. கோவ் வீடுகள் 99 ஆண்டுக் குத்தகையில் உள்ளவை. மனையின் குத்தகை 2005இல் தொடங்கியிருந்தால் 2104இல் முடியும், நிலம் அரசிடம் திரும்பும். இப்போது வாங்குபவர் கைக்கு வருவது எண்பதுக்கும் குறைவான ஆண்டுகள். அவை கரையக் கரைய மதிப்பு எப்படி இறங்கும் என்பதற்கு அரசே ஓர் அட்டவணை வைத்திருக்கிறது. நில அலுவலகத்தில் பணிபுரிந்த பாலா என்பவர் பெயரால் அதைப் ‘பாலா அட்டவணை’ என்கிறார்கள். முழு உரிமை நிலத்தின் மதிப்பு 100 என்றால் 99 ஆண்டு மிச்சமிருக்கும் நிலத்துக்கு 96, 60 ஆண்டுக்கு 80, 30 ஆண்டுக்கு 60. முதலில் மெல்ல இறங்கி, கடைசியில் வேகமெடுக்கும் இறக்கம். நாற்பது வயதில் வாங்குபவரின் வாழ்நாளுக்கு இது தாராளம். வாரிசுக்கு எழுதி வைக்கும்போது கையில் என்ன மிச்சம் என்பதை முதல் நாளே பிள்ளைகளிடம் சொல்லிவிட வேண்டும்.

கடலும் இந்தக் காலக்கணக்கில் சேரும். 2024இல் வெளியான சிங்கப்பூரின் பருவநிலை ஆய்வு, 2100க்குள் கடல்மட்டம் 1.15 மீட்டர் வரை உயரலாம் என்கிறது. குத்தகை முடிவதும் ஏறக்குறைய அப்போதுதான். தூர்த்த நிலத்தை உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள், அரசும் கரைகளைக் காக்கத் திட்டமிடுகிறது. என்றாலும் கடற்சுவரைப் பராமரிக்கும் செலவு யார் தலையில் விழும் என்று கேட்காமல் கையெழுத்துப் போடக் கூடாது.

குடியிருக்கும் நாட்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். காலையில் படகுகளும் மாலையில் கடற்காற்றும் உண்மையான சுகங்கள்தான். அந்தக் காற்றில் உப்பு இருக்கிறது. கிரில்லும் குளிர்சாதனப் பெட்டியும் ஊருக்குள்ளே இருப்பதைவிடச் சீக்கிரம் துருப்பிடிக்கும். கோவுக்குள் எம்ஆர்டி ரயில் இல்லை. குழந்தையின் பள்ளிக்கும் நல்ல சந்தைக்கும் பாலம் தாண்டித்தான் போக வேண்டும். கண்ணெதிரே உலகின் மிக நெரிசலான கப்பல் தடங்களில் ஒன்று. 2024 ஜூனில் பாசிர் பாஞ்சாங் முனையத்தில் ஒரு தூர்வாரும் கப்பல் எரிபொருள் கப்பலில் மோதி ஏறக்குறைய 400 டன் எண்ணெய் கொட்டியபோது, செந்தோசாவின் கடற்கரைகளில் குளிக்க வழியில்லாமல் போயிற்று. கரையைச் சுத்தம் செய்யப் பணியாளர்களும் தொண்டர்களும் நாள்கணக்கில் உழைத்தார்கள்.

இவை எல்லாவற்றையும்விட என்னை வருத்துவது விளக்கெரியாத ஜன்னல்கள். உரிமையாளர் வேறு நாட்டில். வீடு பூட்டிக் கிடக்கிறது. சிங்கப்பூர்ப் பத்திரிகைகளும் இதைப் பலமுறை எழுதியிருக்கின்றன. 2007க்கும் 2012க்கும் இடையே உச்ச விலையில் வாங்கிய பலர் பிறகு பெரும் நட்டத்தில் விற்றார்கள். பங்களாவில் குடியிருந்தே தீர வேண்டும் என்ற விதியை இதனால்தான் நான் முழுமனதாக ஆதரிக்கிறேன். பக்கத்து வீட்டில் ஆள் இருந்தால்தான் அது ஊர். இந்த ஊரைக் கட்டியவர்களையும் விட்டுவிட முடியாது. சிங்கப்பூரின் கட்டுமானத் தளங்களில் வேலை செய்பவர்களில் தமிழ்நாட்டு இளைஞர்களும் வங்காளதேசத்தவரும் ஏராளம். அவர்கள் தங்குமிடங்கள் பெரும்பாலும் நகரத்தின் ஓரங்களில் இருக்கின்றன. கோவ் போன்ற இடங்களில் வீடு வாங்குவோரின் குடியிருப்புச் சங்கக் கூட்டத்தில், தோட்டக்காரருக்கும் காவலருக்கும் நிழலில் உட்கார்ந்து சாப்பிட இடம் இருக்கிறதா என்று ஒருவராவது கேட்க வேண்டும்.

வாங்கும் எண்ணம் உறுதியாக இருந்தால், முதலில் அடுக்குமாடியில் ஓராண்டு வாடகைக்கு இருந்து பாருங்கள். அடுக்குமாடிகளை வாடகைக்கு விடத் தடை இல்லை. வடகிழக்குப் பருவமழை, பள்ளி விடுமுறைக் கூட்டம் இரண்டையும் அங்கேயே கடத்துங்கள். வீடு பிடித்துப்போனால் குத்தகை தொடங்கிய தேதி, மாதப் பராமரிப்புக் கட்டணம், படகுத்துறை யார் பொறுப்பு ஆகிய மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். விற்கும் காலத்தையும் யோசியுங்கள். 2025 ஜூலை 4 முதல் வாங்கிய வீட்டை நான்கு ஆண்டுக்குள் விற்றால் விற்பவரும் தீர்வை கட்ட வேண்டும்: முதல் ஆண்டில் 16 சதவீதம், நான்காம் ஆண்டில் 4. வாங்கி உடனே கைமாற்றும் எண்ணம் உள்ளவர்களுக்கு அந்தத் தீவில் இனி வேலை இல்லை.